கதிரியக்கச் சிதைவும் முதல் அணுக்கரு வினைகளும்: தொடக்கக் கால வரலாறு

நிலைத்தன்மையற்ற அணுக்கரு ஒன்று, வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் இல்லாமல், தானாகவே துகளையோ கதிரையோ வெளியிட்டு மாற்றமடைவது கதிரியக்கச் சிதைவு எனப்படும். வெளியிலிருந்து வரும் ஒரு துகள் மோதுவதால் அணுக்கரு மாற்றமடைவது அணுக்கரு வினை எனப்படும். இன்றைய பாடநூல்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. வரலாற்றிலோ முதலாவது புரிந்துகொள்ளப்பட்டது 1902இல். இரண்டாவது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1919இல். இரண்டிலும் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் கை இருந்தது. ஒரு தனிமம் வேறொரு தனிமமாக மாறாது என்பது அன்றைய வேதியியலின் அடித்தளம். அந்த அடித்தளத்தைத் தொட்டவர்களை இரசவாதிகள் என்று ஏளனம் செய்யப் பலர் காத்திருந்த காலம் அது.

பாரிசில் தொடக்கம்

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எக்ஸ் கதிர், கண்ணாடிக் குழாயின் ஒளிரும் பகுதியிலிருந்து வந்ததால், ஒளிரும் பொருள்கள் எல்லாமே இத்தகைய கதிர்களை வெளியிடுமோ என்ற ஐயம் எழுந்தது. பாரிசில் ஹென்றி பெக்கரல் யுரேனிய உப்பைக் கருப்புத் தாள் சுற்றிய ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்து, வெயிலில் காட்டிச் சோதித்தார். 1896 பிப்ரவரி இறுதியில் வானம் மேகமூட்டமாக இருந்ததால் தகட்டையும் உப்பையும் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். மார்ச் 1 அன்று அத்தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, வெயிலே படாத நிலையிலும் உப்பின் உருவம் தெளிவாகப் பதிந்திருந்தது. யுரேனியத்துக்குச் சூரிய ஒளியின் தூண்டுதல் தேவையில்லை என்பது அப்போது தெரிந்தது.

1898இல் மேரி கியூரி இந்த ஆய்வை ஒளிப்படத் தகட்டிலிருந்து மின்மானிக்கு மாற்றினார். கதிர்கள் காற்றை அயனியாக்குவதால் காற்றின் வழியே சிறு மின்னோட்டம் பாயும். அதை அளந்தால் கதிர்வீச்சின் வலிமையை எண்ணாகவே பெறலாம். கதிரியக்கத்தின் வரலாற்றில் இந்த மாற்றம் ரேடியத்தின் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று. தோரியமும் கதிர் வீசுவதை அவர் கண்டார். ஜெர்மனியில் ஷ்மிட் என்பவரும் தனியே அதைக் கண்டிருந்தார். அதே ஆண்டில் கியூரி இணையர் பொலோனியம், ரேடியம் ஆகிய இரு புதிய தனிமங்களை அறிவித்தனர். 'கதிரியக்கம்' என்ற சொல்லும் அவர்கள் தந்ததே. ஆயினும் இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாரிசில் விடை கிடைக்கவில்லை.

கதவைத் திறந்தால் குறையும் கதிரியக்கம்

நியூசிலாந்தில் பிறந்த ரூதர்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனிடம் பயின்றபின், 1898இல் தமது 27ஆம் வயதில் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்குள்ள இயற்பியல் ஆய்வகம் உலகின் மிகச் சிறந்த ஆய்வகங்களுள் ஒன்று. அதைக் கட்டிக்கொடுத்த வில்லியம் மெக்டொனால்டு புகையிலை வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். ஆனால் புகைப்பிடிப்பதை வெறுத்தவர். அவர் வருகிறார் என்று தெரிந்தால், ஓயாமல் புகைக்கும் ரூதர்ஃபோர்டு சன்னல்களைத் திறந்து புகையை வெளியேற்றுவாராம்.

மாண்ட்ரியலுக்கு வரும் முன்பே யுரேனியக் கதிர்களில் இரு வகைகள் இருப்பதை அவர் பிரித்தறிந்திருந்தார். மெல்லிய அலுமினியத் தகட்டால் எளிதில் தடுக்கப்படுவதற்கு ஆல்ஃபா என்றும், அதைவிட அதிகம் ஊடுருவுவதற்கு பீட்டா என்றும் பெயரிட்டார். அடுத்ததாகத் தோரியத்தை ஆராயுமாறு மெக்கில்லின் மின்பொறியியல் பேராசிரியர் ஓவன்சிடம் கூறினார். தோரியம் ஓவன்சைத் திணறடித்தது. யுரேனியம் நிலையான அளவீட்டைத் தந்தது. தோரியம் ஆக்சைடோ வேளைக்கொரு அளவைக் காட்டியது. ஆய்வறைக் கதவு திறந்திருந்தால் ஓர் அளவு, மூடியிருந்தால் வேறோர் அளவு. காற்றோட்டமே இதற்குக் காரணம் என்று இறுதியில் புலப்பட்டது.

பல ஆய்வாளர்கள் இதைக் கருவியின் குறை என்று ஒதுக்கியிருப்பார்கள். காற்று அடித்துச் செல்லக்கூடிய ஏதோ ஒன்று தோரியத்திலிருந்து வெளியேறுகிறது என்று ரூதர்ஃபோர்டு முடிவு செய்தார். அதற்கு 'வெளிப்பாடு' என்ற பொருள்படும் 'எமனேஷன்' என்ற பெயரை வைத்தார். தோரியம் ஆக்சைடின் மேல் காற்றைச் செலுத்தி, அக்காற்றை ஒரு நீண்ட கலத்தில் அடைத்து, பின்னர் காற்றோட்டத்தை நிறுத்திவிட்டு மின்னோட்டத்தைக் கவனித்தார். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அது பாதியானது. இரண்டு நிமிடத்தில் கால் பங்கு. மூன்று நிமிடத்தில் அரைக்கால் பங்கு. 1900இல் வெளியான இந்த முடிவே அளக்கப்பட்ட முதல் அரை ஆயுட்காலம். அந்த வாயுவை இன்று ரேடான்-220 என்கிறோம். அதன் அரை ஆயுட்காலம் 55.6 விநாடிகள்.

இன்னொரு வியப்பும் காத்திருந்தது. எமனேஷன் பட்ட பரப்புகள் எல்லாம் தற்காலிகமாகக் கதிரியக்கம் பெற்றன. அந்தக் கதிரியக்கம் பாதியாக 11 மணி நேரம் ஆனது. ஒன்று நிமிடத்தில் மறைகிறது; அது விட்டுச்சென்றதோ மணிக்கணக்கில் நிற்கிறது. ஆக, இரண்டும் வேறு வேறு பொருள்கள். அவை என்ன பொருள்கள் என்று சொல்ல ஒரு வேதியியலர் தேவைப்பட்டார்.

சாடியும் தோரியம் எக்ஸும்

ஃபிரெடரிக் சாடி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1900இல் மெக்கில்லுக்கு வந்தவர், வயது 22. இருவரும் முதலில் எதிரெதிர் அணியில்தான் நின்றனர். 1901 மார்ச்சில் மெக்கில் இயற்பியல் கழகத்தில் அணுவைவிடச் சிறிய பொருள்கள் உள்ளனவா என்ற விவாதம் நடந்தது. எலக்ட்ரானைக் கண்டறிந்த தாம்சனின் மாணவர் உண்டு என்றார். வேதியியலரான சாடி, அணு பிளவுபடாதது என்ற தம் துறையின் நிலைப்பாட்டைக் காத்துப் பேசினார். சில மாதங்களில் ரூதர்ஃபோர்டு அவரையே தம் ஆய்வுக்கு அழைத்தார்.

சாடி முதலில் எமனேஷனைச் சோதித்தார். வெண்சூடேறிய பிளாட்டினம், மக்னீசியத் தூள், லெட் குரோமேட் என வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும் பொருள்கள் எல்லாவற்றின் வழியாகவும் அதைச் செலுத்தினார். எதனுடனும் அது சேரவில்லை. அத்தகைய நடத்தை, சில ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்ட ஆர்கான் குடும்ப வாயுக்களுக்கு மட்டுமே உண்டு. ஆக, திண்மமான தோரியம் ஓயாமல் ஒரு மந்த வாயுவை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. அதாவது ஒரு தனிமத்திலிருந்து இன்னொரு தனிமம் பிறக்கிறது. இதை உணர்ந்த சாடி, இது தனிம மாற்றமே என்று உற்சாகமாகக் கூறியதாகவும், அந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் நம்மை இரசவாதிகள் என்று சொல்லித் தலையை வாங்கிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு எச்சரித்ததாகவும் பிற்காலத்தில் சாடி நினைவுகூர்ந்தார். அச்சம் வெறும் வேடிக்கையன்று. இருவரும் இளைஞர்கள், சாடிக்கு நிலையான பணியும் இல்லை.

தீர்க்கமான சான்று 1901ஆம் ஆண்டின் முடிவில் கிடைத்தது. தோரியம் நைட்ரேட்டு கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்தால் தோரியம் வீழ்படிவாகும். வீழ்படிவை வடிகட்டி எடுத்தபின், தோரியமே இல்லாத வடிநீரை ஆவியாக்கி அம்மோனியம் உப்புகளைச் சூடேற்றி நீக்கினால், கண்ணுக்குத் தெரியாத அளவு எச்சம் மிஞ்சும். கதிரியக்கத்தின் பெரும்பகுதி அந்த எச்சத்தில் இருந்தது. வடிகட்டிய தோரியமோ தன் வலிமையில் பெரும்பங்கை இழந்திருந்தது. எச்சத்தில் உள்ள அறியாப் பொருளுக்குத் தோரியம் எக்ஸ் என்று பெயரிட்டனர். யுரேனியத்திலிருந்து இதேபோன்ற யுரேனியம் எக்ஸ் என்ற பொருளை வில்லியம் குரூக்ஸ் 1900இலேயே பிரித்திருந்தார்.

அப்படியானால் தோரியம் கதிரியக்கத் தனிமமே அன்று, அதில் கலந்துள்ள மாசுதான் கதிர் வீசுகிறது என்று முடிவுகட்டலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஆய்வகம் மூடப்பட்டது. திரும்பி வந்து அளந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. தோரியம் எக்ஸ் தன் கதிரியக்கத்தை இழந்துவிட்டது. தோரியமோ பழைய வலிமையை முழுதும் மீட்டுவிட்டது.

உடனே சோதனையைத் திரும்பச் செய்து, நாள்தோறும் இரண்டையும் அளந்து வரைபடம் போட்டனர். ஒரு கோடு இறங்கியது, மற்றது ஏறியது. தோரியம் எக்ஸ் பாதியாக ஏறத்தாழ 4 நாள். தோரியம் இழந்ததில் பாதியை மீட்கவும் அதே 4 நாள். எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டின் கூட்டுத்தொகை மாறவில்லை. தோரியத்திலிருந்து தோரியம் எக்ஸ் ஒரே சீராகப் பிறந்துகொண்டே இருக்கிறது, பிறந்ததெல்லாம் தன் போக்கில் அழிந்துகொண்டே இருக்கிறது, பிறப்பும் அழிவும் சமமாகும்போது மொத்தம் நிலையாகத் தோன்றுகிறது என்பதே இதற்கான விளக்கம். தொட்டியில் குழாய் நீர் விழ, அடியில் உள்ள ஓட்டை வழியே அது வெளியேற, மட்டம் மட்டும் ஒரே இடத்தில் நிற்பதைப் போன்றது இது.

வெப்பம், குளிர், கரைத்தல், வீழ்படிவாக்கல் என எதைச் செய்தாலும் இந்த வேகம் மாறவில்லை. வேதிவினை எதுவும் இப்படி நடந்துகொள்ளாது. எந்த வேதிவினையும் சூடேற்றினால் விரையும். ஆகவே மாற்றம் அணுக்களுக்கு இடையில் அன்று, அணுவுக்குள்ளேயே நடக்கிறது. கதிர்வீச்சு அந்த மாற்றத்தின் உடன்நிகழ்வு. 1902 செப்டம்பரிலும் நவம்பரிலும் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளியான இரு பகுதிக் கட்டுரையில் இதை அவர்கள் வெளியிட்டனர். கட்டுரையில் இரசவாதத்தை நினைவூட்டும் சொல்லைக் கவனமாகத் தவிர்த்திருந்தனர்.

அவர்கள் பயன்படுத்திய தோரியத்துக்கும் தமிழகத்துக்கும் பின்னாளில் ஒரு தொடர்பு ஏற்பட்டது. அக்காலத்தில் தோரியத்தின் முதன்மைப் பயன் கேஸ் விளக்குகளின் வலையை ஒளிரச் செய்வதாகும். பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' அந்த வகையைச் சேர்ந்ததே. அதற்கான மோனசைட் மணலைத் தேடி ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பர்க், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909இல் அதை அடையாளம் கண்டார்.

சிதைவு விதி

அந்த வரைபடங்களிலிருந்து கிடைத்த விதி எளியது. ஒரு நொடியில் சிதையும் அணுக்களின் எண்ணிக்கை, அந்த நேரத்தில் எஞ்சியுள்ள அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விகித மாறிலி ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் தனித்தன்மையானது; கைரேகையைப் போல அதை வைத்தே பொருளை அடையாளம் காணலாம். கண்ணுக்குத் தெரியாத, எடைபோட இயலாத அளவுள்ள ஒரு தனிமத்தை அதன் அரை ஆயுட்காலத்தால் அறியும் முறை அப்படித்தான் பிறந்தது.

இவ்விதியில் ஒரு விந்தை உண்டு. அணுவுக்கு முதுமை இல்லை. இதைத் தாய விளையாட்டைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். 1000 பேர் ஒவ்வொருவரும் இரண்டு தாயக்கட்டைகளை உருட்டுகிறார்கள்; தாயம் விழுந்தவர் வெளியேற வேண்டும். ஒரு கட்டையில் ஒன்றும், மற்றதில் வெறுமையும் விழுவது தாயம். அதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. ஐந்து சுற்றுகளுக்குப் பின் சுமார் 513 பேர் எஞ்சுவர். மேலும் ஐந்து சுற்றுகளுக்குப் பின் சுமார் 263 பேர். பத்துச் சுற்று தப்பியவருக்கு அடுத்த சுற்றில் தாயம் விழும் வாய்ப்பு கூடுவதில்லை. அது எட்டில் ஒன்றாகவே இருக்கும். யார் வெளியேறுவார் என்று யாராலும் சொல்ல இயலாது. எத்தனை பேர் வெளியேறுவர் என்று சொல்லலாம். கதிரியக்கச் சிதைவு இத்தகைய நிகழ்தகவு சார்ந்தது என்பதை 1905இல் ஷ்வைட்லர் கூறினார். அவ்வாறெனில் சிதைவுகளின் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இருக்க வேண்டும். 1910இல் ரூதர்ஃபோர்டும் கைகரும் ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி அந்த ஏற்ற இறக்கத்தை உறுதிசெய்தனர்.

வெப்பமும் புவியின் வயதும்

1903 மார்ச்சில் பியர் கியூரியும் லாபோர்டும் ஒரு கிராம் ரேடியம் மணிக்கு ஏறத்தாழ 100 கலோரி வெப்பத்தை வெளியிடுவதாக அறிவித்தனர். தன் எடைக்குச் சமமான பனிக்கட்டியை ஒரு மணி நேரத்துக்குள் உருக்க அது போதும். ரேடியமோ குறைவதாகவே தெரியவில்லை. அதே ஆண்டில் சாடி லண்டன் சென்று வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து, ரேடியத்தின் எமனேஷனிலிருந்து ஹீலியம் உருவாவதை நிறமாலையில் காட்டினார். தனிம மாற்றம் இனி வெறும் ஊகமன்று. விளைபொருளின் நிறமாலைக் கோடு கண்முன் இருந்தது.

எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் முதுபெரும் இயற்பியலர் கெல்வின் பிரபு. புவி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வந்துள்ளது என்று கொண்டு அதன் வயதை 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு என்று அவர் கணக்கிட்டிருந்தார். பாறை அடுக்குகளுக்கும் உயிரினப் பரிணாமத்துக்கும் அக்காலம் போதாது என்று புவியியலர்கள் முணுமுணுத்தாலும், கணக்கை எதிர்க்க அவர்களிடம் ஆயுதம் இல்லை. புவிக்குள் கதிரியக்கம் தொடர்ந்து வெப்பத்தைத் தருமானால் அந்தக் கணக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். 1904இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் ரூதர்ஃபோர்டு இதைப் பேச எழுந்தபோது கெல்வின் அவையில் இருந்தார். உறங்கிக்கொண்டிருந்த முதியவர் சிக்கலான இடம் வந்ததும் கண்விழித்து முறைத்ததாகவும், புதிய வெப்ப ஊற்று எதுவும் கண்டறியப்படாத வரையில் என்று கெல்வின் இட்டிருந்த நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அவர் இதை முன்கூட்டியே உணர்ந்திருந்தார் என்று பாராட்டித் தாம் தப்பித்ததாகவும் ரூதர்ஃபோர்டு பின்னர் சுவைபடச் சொல்வதுண்டு. ஆயினும் கெல்வின் மனம் மாறவில்லை. தம் கடைசி ஆண்டுகளிலும் அணு சிதைவதை ஏற்க மறுத்தார்.

அளவுகோல் மாறிவிட்டது. யுரேனியத் தொடரின் இறுதி விளைபொருள் ஈயம் என்பதை உய்த்துணர்ந்த அமெரிக்க வேதியியலர் போல்ட்வுட், கனிமங்களில் உள்ள யுரேனிய–ஈய விகிதத்தைக் கொண்டு 1907இல் அவற்றின் வயதைக் கணக்கிட்டார். விடை 41 கோடி முதல் 220 கோடி ஆண்டு வரை வந்தது. அவரது எண்கள் பின்னர் திருத்தப்பட்டன, முறை நிலைத்தது. புவியின் வயது இன்று 454 கோடி ஆண்டு என்று கொள்ளப்படுவதும் யுரேனியம் ஈயமாகும் இதே கடிகாரத்தைக் கொண்டுதான்.

பிரிக்க முடியாத இரட்டையர்

தோரியத்திலிருந்து தோரியம் எக்ஸ் நேரடியாகப் பிறக்கிறது என்றே ரூதர்ஃபோர்டும் சாடியும் கருதியிருந்தனர். உண்மையில் இடையில் மூன்று படிகள் உள்ளன. 1405 கோடி ஆண்டு அரை ஆயுளுடைய தோரியம்-232, முதலில் ரேடியம்-228 ஆகிறது. அது ஆக்டினியம்-228 ஆகிப் பின்னர் தோரியம்-228 ஆகிறது. அதிலிருந்துதான் தோரியம் எக்ஸ், அதாவது ரேடியம்-224 வருகிறது. தோரியம்-228இன் அரை ஆயுட்காலம் 1.9 ஆண்டு. அதுவும் தோரியமே என்பதால் அம்மோனியா இரண்டையும் ஒன்றாகவே வீழ்த்தியது. அதனால்தான் விடுமுறையில் இருந்த தோரியம் சில வாரங்களில் தன் வலிமையை மீட்டது. அது வேதிமுறையில் பிரியக்கூடியதாக இருந்திருந்தால், மீட்சிக்கு ஆண்டுகள் பிடித்திருக்கும். 1902இன் வரைபடம் வரையப்பட்டிருக்காது.

இடையிலுள்ள பொருளை 1905இல் லண்டனில் கண்டு 'ரேடியோதோரியம்' என்று பெயரிட்டவர் இளம் ஓட்டோ ஹான். கண்டறிந்தபின் அதைத் தோரியத்திலிருந்து பிரிக்கப் பலர் முயன்று தோற்றனர். முயற்சிகள் தோற்றதே செய்தி என்பதைப் புரிந்துகொண்டவர் சாடி. வேதிப்பண்பில் ஒன்றாகவும், நிறையிலும் கதிரியக்கத்திலும் வேறாகவும் உள்ள அணுக்கள் இருக்கலாம் என்று 1913இல் கூறினார். தனிம அட்டவணையில் ஒரே இடத்தைப் பிடிப்பதால் அவற்றுக்கு ஐசோடோப்பு என்ற பெயரை மருத்துவரும் எழுத்தாளருமான மார்கரெட் டாட் பரிந்துரைத்தார். ஆல்ஃபா சிதைவில் தனிமம் அட்டவணையில் இரண்டு இடம் பின்செல்லும், பீட்டா சிதைவில் ஓரிடம் முன்செல்லும் என்ற இடப்பெயர்ச்சி விதியும் அதே ஆண்டில் உருவானது. இதில் ஃபாயான்சுக்கும் பங்குண்டு.

இதற்கிடையில் 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டறிந்திருந்தார். சிதைவு நடக்கும் இடம் எது என்பது அதன்பிறகே தெளிவானது.

மான்செஸ்டரின் இருட்டறை

சிதைவை விரைவுபடுத்தவோ தடுக்கவோ எவராலும் இயலவில்லை. இயற்கை தானாக உடைக்கும் அணுக்கருவை மனிதர் உடைக்க இயலுமா என்பதே எஞ்சிய கேள்வி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் மாணவர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டனர். அவரும் நீர்மூழ்கிக் கப்பல்களை ஒலி கொண்டு கண்டறியும் பணியில் ஈடுபட்டிருந்தார். மிஞ்சிய நேரத்தில், ஆய்வக உதவியாளர் வில்லியம் கே துணையுடன் 1917இல் இந்தச் சோதனையைத் தொடங்கினார்.

கருவி ஒரு சிறு பித்தளைப் பெட்டி. உள்ளே ரேடியம் சி பூசிய தட்டு. அதிலிருந்து வரும் ஆல்ஃபா துகள் காற்றில் 7 சென்டிமீட்டர் மட்டுமே செல்லும். பெட்டியின் ஒரு முனையில் மெல்லிய உலோகத் தகடு மூடிய சன்னல். அதற்கு வெளியே துத்தநாக சல்ஃபைடு பூசிய திரை. துகள் மோதும்போது திரையில் ஒரு கணம் மின்மினி போன்ற ஒளிப்பொட்டு தோன்றும். இருட்டில் அரை மணி நேரம் கண்ணைப் பழக்கிவிட்டு, நுண்ணோக்கி வழியே அப்பொட்டுகளை எண்ண வேண்டும். ஆல்ஃபா எட்ட முடியாத தொலைவிலும் சில பொட்டுகள் தெரிவதை அவருடைய மாணவர் மார்ஸ்டன் முன்பே கண்டிருந்தார். அவை ஹைட்ரஜன் அணுக்கருக்கள். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதே ஐயம். தட்டில் ஒட்டியிருந்த ஈரத்திலிருந்து வந்திருக்கலாம் அல்லவா?

ரூதர்ஃபோர்டு ஒவ்வொன்றாக விலக்கினார். பெட்டியில் ஆக்சிஜனை அல்லது கார்பன் டை ஆக்சைடை நிரப்பினால் பொட்டுகள் குறைந்தன. உலர்ந்த காற்றை நிரப்பினால் கூடின. அப்படியானால் காற்றில் உள்ள நைட்ரஜன் காரணமாகலாம். தூய நைட்ரஜனை நிரப்பினார். பொட்டுகள் காற்றில் இருந்ததைவிட 1.25 மடங்காயின. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதால், எதிர்பார்க்க வேண்டிய விகிதமும் அதுவே. சோதனையின் நேர்த்தி இந்த ஒரே எண்ணில் இருக்கிறது. ஆல்ஃபா துகளின் மோதலில் நைட்ரஜன் அணுக்கரு சிதைந்து ஹைட்ரஜன் அணுக்கருவை வெளியேற்றுகிறது என்று 1919 ஜூனில் அவர் எழுதினார். மறு ஆண்டு அந்த ஹைட்ரஜன் அணுக்கருவுக்குப் புரோட்டான் என்ற பெயர் ஏற்பட்டது.

நான்கு இலட்சம் தடங்கள்

புரோட்டான் வெளியேறியது தெரிந்தது. மோதிய ஆல்ஃபா துகள் என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. நைட்ரஜனிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டு அது தன் வழியே சென்றது என்றே ரூதர்ஃபோர்டு எண்ணினார். இதைக் கண்ணால் பார்க்கும் பணியை, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் முன்னாள் கடற்படை அதிகாரி பேட்ரிக் பிளாக்கெட்டிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய இயற்பியலர் ஷிமிசு தொடங்கிவைத்த, தானாகப் படமெடுக்கும் முகிலறையைப் பிளாக்கெட் செம்மைப்படுத்தினார். 23,000 படங்கள் எடுத்தார். அவற்றில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆல்ஃபா தடங்கள் இருந்தன. தேடிய நிகழ்வு கிடைத்தது எட்டே எட்டுத் தடங்களில்.

சில்லு பெயர்ந்திருந்தால் மோதிய இடத்திலிருந்து மூன்று கிளைகள் பிரிய வேண்டும்: ஆல்ஃபா, புரோட்டான், எஞ்சிய அணுக்கரு. எட்டிலும் இரண்டு கிளைகளே இருந்தன. புரோட்டானின் மெல்லிய நீண்ட தடம் ஒன்று. கனமான அணுக்கருவின் தடித்த குறுந்தடம் ஒன்று. ஆல்ஃபா துகள் அணுக்கருவுக்குள் விழுங்கப்பட்டுவிட்டது. நிறை எண்ணைக் கூட்டிப் பார்த்தால் 14உம் 4உம் சேர்ந்து 18. புரோட்டானுக்கு 1 போக 17. மின்சுமையில் 7உம் 2உம் சேர்ந்து 9. ஒன்று போக 8. எட்டாம் தனிமம் ஆக்சிஜன்.

நைட்ரஜன்-14 + ஹீலியம்-4 → ஆக்சிஜன்-17 + ஹைட்ரஜன்-1

1925இல் பிளாக்கெட் இதை வெளியிட்டபோது ஆக்சிஜன்-17 இயற்கையில் இருப்பதே தெரியாது. நான்கு ஆண்டுகள் கழித்தே அது காற்றிலுள்ள ஆக்சிஜனில் கண்டறியப்பட்டது. இவ்வினை ஆற்றலைத் தருவதில்லை, சுமார் 1.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுகட்ட, வேகமான ஆல்ஃபா துகளின் 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் போதுமானதாக இருந்தது.

கண்ணால் எண்ணும் முறையின் ஆபத்தும் அதே காலத்தில் வெளிப்பட்டது. வியன்னா ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் பெட்டர்சனும் கிர்ஷும், கேம்பிரிட்ஜில் உடையாத பல தனிமங்களும் தங்கள் சோதனையில் உடைவதாக அறிவித்துவந்தனர். 1927 டிசம்பரில் ஜேம்ஸ் சாட்விக் வியன்னா சென்றார். பொட்டுகளை எண்ணிய பெண்களிடம் எந்த ஏற்பாடு எப்போது வைக்கப்பட்டுள்ளது என்று சொல்லாமல், வரிசையை மாற்றி மாற்றி எண்ணச் செய்தார். துகள் வரவே வாய்ப்பில்லாத ஏற்பாட்டிலும் அதே எண்ணிக்கை வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று முன்பே அறிந்திருந்தார்கள், அவ்வளவுதான். முடிவை வெளியே சொல்லி அவமானப்படுத்தாமல் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டன. அதன்பின் துகள்களை எண்ணும் வேலை விரைவாக மின்கருவிகளுக்குச் சென்றது.

சிதைவும் வினையும் சேர்ந்த ஆண்டுகள்

ஆல்ஃபா துகள் அணுக்கருவை விட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பதைக் குவாண்டம் கொள்கையைக் கொண்டு 1928இல் காமோவும், தனியே கர்னி, காண்டன் ஆகியோரும் விளக்கினர். ஆற்றல் அரணை ஏறிக் கடக்கப் போதிய ஆற்றல் இல்லாவிடினும், அதை ஊடுருவிச் செல்லச் சிறு வாய்ப்பு துகளுக்கு உண்டு. வெளியே வர வழி உண்டெனில் உள்ளே நுழையவும் வழி உண்டு. இதைக் கேட்ட ஜான் காக்ராஃப்ட், பல மில்லியன் வோல்ட் தேவையில்லை, சில இலட்சம் வோல்ட்டே போதும் என்று கணக்கிட்டார். 1932 ஏப்ரல் 14 அன்று காக்ராஃப்ட்–வால்டன் கருவியில் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் லித்தியம்-7ஐத் தாக்கி இரண்டு ஆல்ஃபா துகள்களாகப் பிளந்தன. வெளிவந்த ஆற்றல் சுமார் 17 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். நிறை இழப்பைக் கொண்டு ஐன்ஸ்டைன் சமன்பாடு தரும் மதிப்புடன் அது ஒத்திருந்தது. அதே ஆண்டில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார்.

1934 ஜனவரியில் பாரிசில் மேரி கியூரியின் மகள் ஐரீனும் மருமகன் ஃபிரெடரிக் ஜோலியோவும் அலுமினியத் தகட்டின் மேல் பொலோனியத்தின் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினர். பொலோனியத்தை அகற்றிய பின்னும் தகடு பாசிட்ரான்களை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கதிரியக்கம் 3 நிமிடம் 15 விநாடியில் பாதியானது. அலுமினியம்-27, ஆல்ஃபாவை விழுங்கி ஒரு நியூட்ரானை உமிழ்ந்து பாஸ்பரஸ்-30 ஆகிறது. அது பின்னர் தானாகச் சிதைந்து சிலிக்கான்-30 ஆகிறது. ஓர் அணுக்கரு வினை, அதைத் தொடர்ந்து ஒரு கதிரியக்கச் சிதைவு. இயற்கையில் இல்லாத கதிரியக்கப் பொருள் ஒன்று முதன்முறையாக உருவாக்கப்பட்டது.

அது பாஸ்பரஸ்தான் என்று நிறுவ, மறைவதற்குள் சில நிமிடங்களில் அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். தகட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தனர். வெளிவந்த ஹைட்ரஜன் வாயு பாஸ்பரஸைத் தன்னுடன் பாஸ்ஃபீனாக இழுத்துச் சென்று ஒரு மெல்லிய குழாயில் சேர்த்தது. கதிரியக்கமும் கரைசலை விட்டு அக்குழாய்க்குள் சென்றிருந்தது. 1901இல் சாடி அம்மோனியாவும் வடிதாளும் கொண்டு செய்ததை, இவர்கள் அமிலமும் குழாயும் கொண்டு மூன்று நிமிடத்துக்குள் செய்து முடித்தனர். அரை ஆயுட்காலத்தின் இன்றைய மதிப்பு 2.5 நிமிடம்.

அக்குழாயை மேரி கியூரியிடம் காட்டினர். அதே ஆண்டு ஜூலை 4 அன்று அவர் மறைந்தார். செய்தி ரோமுக்கு எட்டியதும் என்ரிக்கோ ஃபெர்மி, மின்சுமை இல்லாததால் எந்த அணுக்கருவின் அருகிலும் எளிதில் செல்லக்கூடிய நியூட்ரானைக் கொண்டு அதே சோதனையைத் தொடங்கினார். இலேசான தனிமங்களிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி யுரேனியத்தை அடைந்தார். அங்கே கிடைத்த குழப்பமான கதிரியக்கங்களின் பொருளை ஓட்டோ ஹான், ஷ்ட்ராஸ்மன், லீசா மைட்னர், ஃபிரிஷ் ஆகியோர் 1938–39இல் அவிழ்த்த கதை, அணுக்கருப் பிளவின் வரலாற்றைச் சேர்ந்தது.